அந்தக் கூரையை ஒட்டியது யார்

அக்கா,

போன வியாழக்கிழமை காலை முத்தாண்டிக்குப்பம் வளைவில் திரும்பும்போது ஜீப்பின் கூரை என் தலைமேல் இறங்கிவிட்டது. தகரம் இல்லை, உள்பக்கத்தில் ஒட்டியிருந்த துணி. முன்பக்கம் முழுக்கக் கழன்று முகத்தில் விழுந்து கண்ணை மறைத்தது. பிரேக்கை மிதித்து ஒருவழியாக ஓரம் கட்டினேன். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் தலையை நீட்டி, "ஏம்மா, வண்டிக்குள்ள பந்தல் போட்டுகினு போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். துணியை விலக்கினேன். ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை குப்பென்று அடித்தது. ரப்பரும் பெட்ரோலும் கலந்த வாசனை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம் முழுக்க உங்கள் புடவையிலும் என் துப்பட்டாவிலும் இருந்த வாசனை. நடுரோட்டில் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

முதல் கோபம் பெயிண்டர்மேல். சித்திரையில் வண்டியைப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன். கடலூர் ரோட்டில் புதிதாகத் திறந்த பட்டறை. வெளிப்பக்கம் மட்டும், உள்ளே கை வைக்காதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையை ஆட்டினார். எடுக்கப் போனபோது வண்டி பளபளவென்றுதான் இருந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்து மேலே பார்த்தேன். நீங்கள் ஒட்டிய காக்கிக் கேன்வாஸ் இல்லை. பஞ்சு வைத்த சாம்பல் நிறத் துணி ஒன்று மெத்மெத்தென்று இருந்தது.

"பழசு எங்கே?" என்றேன்.

"அதுவா மேடம், குப்பையோட கொளுத்தியாச்சு. யாரோ வேலை தெரியாத ஆளு ஒட்டினது. நடுவுல ஜாயிண்டு வேற. கம்பெனி லைனிங்ல ஜாயிண்டே வராது. அத உரிக்கறதுக்குள்ள எனக்கு அரை நாள் போயிடுச்சு" என்றார்.

வேலை தெரியாத ஆள் ஒட்டியதை உரிக்க அரை நாள் ஆகுமா அய்யா என்று கேட்டேன். அந்தக் கேள்வியின் அர்த்தம் அவருக்கு இன்றுவரை புரிந்திருக்காது. நீங்கள் ஒட்டியது பன்னிரண்டு மழைக்காலமும் பன்னிரண்டு அக்னி நட்சத்திரமும் தாங்கியது. வேலை தெரிந்த இவர் ஒட்டியது மூன்று வாரம் தாங்கவில்லை. வியாழக்கிழமையே திரும்பிப் போய், பட்டறை வாசலில் நின்று, பக்கத்து டீக்கடைக்காரர்கள் எழுந்து நிற்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். "வெயில் ஜாஸ்தி மேடம், அதான்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அந்த 'யாரோ' என்ற வார்த்தை என்னைக் குடைய ஆரம்பித்தது. யார் ஒட்டினது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அதை நினைத்ததும் கோபம் திசை மாறிவிட்டது. அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேனே என்று ஏற்கெனவே எரிச்சலாக இருக்கிறது.

அந்த ஜீப் என்னிடம் வந்தபோதே அதற்கு நாற்பது வயதுக்கு மேல். பண்ருட்டியில் ஒரு பலாத்தோப்புக்காரர் அதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இதுல யாரு போவா, நீயும் கோழியுமா?" என்றார். திருநெல்வேலியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து, ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்துப் பக்கம் பிளாட் வாங்கி வீடு கட்டியவர். அவருக்கு வண்டி என்றால் ஷிப்டுக்குக் கூட்டிப் போகிற பஸ்தான். எனக்கு அந்த ஜீப் பிடித்திருந்தது. சுரங்கத்துக் கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ரிப்பேருக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் எனக்கு வேலை. அளவெடுக்கச் சுரங்கத்துப் பக்கம் அடிக்கடி போகவேண்டும். மண் பாதையில் ஜீப் சொன்னபடி கேட்கும்.

நீங்கள் கன்வேயருக்கு அடியில் மண்வெட்டியோடு இருப்பீர்கள். பெல்ட் ஓட ஓடக் கரி சிந்தும். சிந்தியதை அள்ளி மறுபடி மேலே போடவேண்டும். காண்டிராக்ட் வேலை. நான் டேப்பை நீட்டிக்கொண்டு தனியாகத் திண்டாடினால் மறுமுனையைப் பிடிக்க நீங்களாகவே வருவீர்கள். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அக்கா என்றேன். நீங்கள் என்னை மேடம் என்றீர்கள்.

ஒரு மழைநாளில் உங்கள் வேன் வரவில்லை. வடக்குத்துக்குத்தானே, ஏறுங்கள் என்றேன். நான் இருந்த நகரைத் தாண்டி உள்ளே போனால் உங்கள் தெரு. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், கூரையின் பழைய துணி கிழிந்து, நாற்பது வருஷத் தூசி உங்கள் தலையில் கொட்டியது.

"ஏம் மேடம், வெளிய மழை, உள்ள தூளா? பெல்ட்டுக்கு அடியில நின்னாக்கூட இவ்ளோ கொட்டாது" என்றீர்கள்.

"ஒட்ட ஆள் கிடைக்கலக்கா."

"ஆளு எதுக்கு? நான் ஒட்டித் தரேன்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. பெல்ட் ஜாயிண்ட் போடுவதைப் பற்றி அன்றுதான் சொன்னீர்கள். பெல்ட் அறுந்தால் அதை நிறுத்திவிட்டு, இரண்டு முனையையும் சீவி, சொல்யூஷன் தடவி ஒட்டுவார்கள். ஒரு ஜாயிண்டுக்குப் பகல் முழுக்க ஆகும். பெல்ட் நின்றுவிட்டால் கரி சிந்தாது. கரி சிந்தாவிட்டால் உங்களுக்கு அள்ள ஒன்றும் இல்லை. மற்ற பெண்கள் நிழலில் சாய்வார்கள். நீங்கள் போய் நின்று பார்ப்பீர்கள்.

"பதினாலு வருசமா பாத்துகினே இருக்கேன் மேடம். அவனுங்க எங்க தப்பு பண்றானுங்கன்னு அவனுங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

அந்தக் கார்த்திகையில் நாலு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஷெட்டில் வேலை நடந்தது. முதல் ஞாயிறு முழுக்கத் துணியை உரிப்பதும் தகரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும்தான். வழுவழுவென்று இருந்தால் போதாதா என்றேன். "வழுவழுன்னு இருந்தா எதப் புடிச்சிகினு நிக்கும்?" என்றீர்கள். பஞ்சு வைத்த துணி வாங்கலாம் என்றேன். "பஞ்சு சொல்யூஷனக் குடிச்சிடும் மேடம். தகரத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்றீர்கள். அந்த ஒரு வரியைப் பெயிண்டரின் பட்டறைச் சுவரில் எழுதி மாட்டவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கேன்வாஸின் அகலம் போதவில்லை. இரண்டு துண்டாக ஒட்டவேண்டியிருந்தது. ஜாயிண்டில் எந்தத் துண்டு மேலே ஏறவேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை வந்தது. பெல்ட்டில் ஓடும் திசையைப் பார்த்துத்தான் ஒட்டுவார்களாம். இல்லாவிட்டால் ஓரம் மாட்டிப் பிய்ந்துவிடும். "இந்த வண்டி எந்தப் பக்கமா போவும்?" என்று கேட்டீர்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கூரை ஓடாதுக்கா" என்றேன்.

"கூரை ஓடாது. காத்து ஓடும்ல? சன்னலத் தெறந்து வுட்டுகினு நீங்க போற வேகத்துக்கு ஓரத்துல பூந்து கிளப்பிடும். முன்துண்டோட ஓரம் பின்னால பாத்து இருக்கணும்."

இரண்டு துண்டின் ஓரத்திலும் நூல் நூலாக உருவி மெலிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்று புடைக்காமல் உட்காரவைத்தீர்கள். தகரத்தில் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. துணியிலும் அப்படியே. பிறகு காத்திருந்தீர்கள். விரலை மடக்கி, முட்டியின் பின்பக்கத்தால் அங்கங்கே தொட்டுப் பார்த்தீர்கள். தொட்டால் பிடிக்கவேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். கூரையின் நீளம், அகலம், வளைவு, ஜாயிண்ட் வரும் இடம், ஓரத்தில் மடிக்கவேண்டிய அளவு, எல்லாம். நீங்கள் தொட்டுக்கொண்டிருந்தபோது வாட்சைப் பார்த்து, 'பூச்சுக்குப் பின் இருபது நிமிடம்' என்று எழுதிக்கொண்டேன். படம் அழகாக வந்திருந்தது. நீங்களும் எட்டிப் பார்த்து, "கோலமாட்டம் இருக்குது" என்றீர்கள்.

மூன்றாவது ஞாயிறு இரண்டு பேரும் சீட்டைக் கழற்றிய இடத்தில் பலகை போட்டு மல்லாந்து படுத்திருந்தோம். நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்திக்கொண்டே போனீர்கள். "தங்கச்சி, அந்த ஓரத்தப் புடி" என்றீர்கள். வேலை மும்முரத்தில் சொன்னது. நான் ஓரத்தைப் பிடித்தேன். அதற்குப் பிறகு பத்து நாள் தங்கச்சிதான். அப்பாவிடம்கூட, "தங்கச்சி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டீர்கள். ஒன்றாகப் பிறந்தவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்தவள் நான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம் சொன்னதே இல்லை.

ஜாயிண்ட் வேலையைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசரை வரச்சொல்லும் யோசனை என்னுடையதுதான். உங்கள் காண்டிராக்டரிடம் ஜாயிண்ட் போடும் ஆட்களுக்கு ஹெல்ப்பர் ஒருவர் தேவைப்பட்டார். நீங்கள் அந்த சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டீர்கள். மண்வெட்டி பிடிக்கிற பொம்பளைக்கு ஜாயிண்ட் வேலை எதற்கு என்று சிரித்திருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. "கூரையை வந்து பார்க்கச் சொல்லுங்கக்கா. பார்த்தபிறகு சிரிக்கட்டும்" என்றேன். நானே போன் செய்தேன். நாலாவது ஞாயிறு காலை அவர் பைக்கில் வந்தார். நீங்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். பச்சையில் மஞ்சள் கரை.

வண்டிக்குள் ஏறி, கூரையை உள்ளங்கையால் தடவினார். ஜாயிண்டைத் தேடினார், முதலில் கிடைக்கவில்லை. கிடைத்ததும் நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். அசையவில்லை. இறங்கி வந்து என்னைப் பார்த்து, "எங்க ஆளுங்க இப்படிப் போட்டா நான் கால்மேல கால் போட்டுகினு உக்காந்திருப்பேன். யாரு மேடம் செஞ்சது?" என்று கேட்டார்.

நீங்கள் நாலடி தள்ளி நின்று உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான். டிராயிங் போட்டுச் செஞ்சேன். அக்கா கூடமாட ஒத்தாசை."

"அதானே பாத்தேன்" என்றார்.

அக்கா, அந்த 'அதானே பாத்தேன்' இன்றும் என் காதில் விழுகிறது. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் தப்பாக நினைத்திருந்தார். அது சரிதான் என்று நான் சாட்சி சொன்னேன். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அந்த அரை மணி நேரத்தில் முப்பது தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிராயிங்கை விரித்துக் காட்டினேன்! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறினேன். நீங்கள் வாசலில் நின்று, "நான் கெளம்பறேன் மேடம்" என்றீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பன்னிரண்டு வருஷமாக யோசித்தாயிற்று. காரணம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது சாக்கு ஆகாது. நான் போட்ட எந்த டிராயிங்கையும் பார்த்து யார் போட்டது என்று அதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் கம்பெனியில் கையெழுத்து மேலே இருக்கிற ஆளுடையது. சைட்டுக்குப் போனால், "சார் வரலையா?" என்பார்கள். முதல் தடவையாக ஒரு ஆள் என் முகத்தைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார். நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. எனக்கு எவன் எவனோ செய்ததை நான் உங்களுக்குச் செய்தேன். அவர்கள் செய்தபோது வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பி அழுதவள்தான் நான்.

அடுத்த வாரம் பெல்ட்டுக்கு அடியில் உங்களைத் தேடி வந்தேன். "அக்கா, அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"டிராயிங் நீங்கதானே போட்டீங்க மேடம். அதுல பொய் என்னா இருக்குது?"

அவ்வளவுதான். ஒரு அறை விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்தவர்கள் முன்னால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அப்போதே ஓடிப்போய் அந்த ஆளிடம் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதுவும் உங்கள்மேல் பழி போடுவதுதான், தெரிகிறது. வேறொரு ஆளை ஹெல்ப்பராக எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் கரி அள்ளினீர்கள். நான் ஜீப்பில் போனேன். பாண்டிச்சேரியிலிருந்து பழைய வண்டிப் பிரியர்கள் நாலு பேர் வந்து ஜீப்பைப் படம் பிடித்தபோது, கூரையை யார் போட்டது என்று அவர்களும் கேட்டார்கள். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் சுலபமாக இருந்தது. அதன்பின் கணக்கில்லை.

போன வைகாசியில் நீங்கள் போனீர்கள். காலையில் தண்ணீர் பிடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். நான் மாலை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு வந்தேன். அழுதுகொண்டிருந்த உங்கள் மகள் சாந்தி, என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் ஒதுக்கி முன்னால் உட்காரவைத்தாள். "அம்மாவுக்கு உங்கமேல ரொம்ப மரியாத மேடம்" என்றாள். அங்கே உட்கார எனக்குக் கூசியது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பெயிண்டர் ஒட்டிய துணியை முழுக்கப் பிய்த்துப் போட்டுவிட்டு, காக்கிக் கேன்வாஸ் வாங்கி, பழைய டிராயிங்கைத் தேடி எடுத்து, நானே ஒட்டுவது என்று ஷெட்டில் இறங்கியிருந்தேன். தகரத்தைத் தேய்த்தாயிற்று, இரண்டு பூச்சும் ஆயிற்று. அப்போது சாந்தி வந்தாள். கட்டிக்கொடுத்த நெல்லிக்குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். உங்கள் முதல் வருஷத் தெவசத்துக்கு அழைக்க வந்திருக்கிறாள். என் கையில் பிரஷ்ஷைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"மறுபடியும் நீங்களே ஒட்டறீங்களா மேடம்? அம்மா சொல்லிகினே இருக்கும். மேடம் ஒண்டியா ஒரு வண்டிக்குக் கூரை ஒட்டினாங்க, நான் பிரஷ்ஷு கழுவிக் குடுத்துகினு கூட நின்னேன்னு."

அக்கா, உங்கள் வீட்டிலுமா? பெற்ற மகளிடமுமா? ஊருக்கு நான் சொன்ன பொய்யை நீங்கள் உங்கள் வீட்டு அடுப்படிவரை கொண்டுபோய்க் காப்பாற்றியிருக்கிறீர்கள். யார் கேட்டார்கள் உங்களை? உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் வந்து சண்டை போட்டிருப்பேன்.

"அப்படி இல்ல சாந்தி. ஒட்டினது உங்கம்மா. முழுக்க முழுக்க அவங்கதான். நான் பக்கத்துல உட்கார்ந்து படம் போட்டேன்" என்றேன்.

அவள் கண் கலங்கியது. "செத்துப் போனவங்களுக்குப் பேரு குடுக்கறீங்க. பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்றாள்.

பொய் சொன்னேன், கெட்டிக்காரி என்றார்கள். உண்மையைச் சொன்னேன், பெரிய மனசு என்கிறாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் பெயர் எனக்கே வந்து சேர்கிறது. பிரஷ்ஷைச் சுவரில் எறியலாம்போல இருந்தது. அதற்குள் வாட்ச் இருபது நிமிடம் காட்டியது. "ஒரு கை பிடிம்மா" என்றேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஏறினாள். டிராயிங்கில் இருந்தபடி நடுக்கோட்டில் துணியை வைத்து அழுத்தி ஓரத்துக்குப் போனேன். அளவு ஒரு நூல் பிசகவில்லை. முன்துண்டின் ஓரம் பின்னால் பார்த்துத்தான் இருந்தது. பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் முன்பக்கம் பொலபொலவென்று கழன்று, இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. சொல்யூஷன் காய்ந்து சருகாகிப் போயிருந்தது. துணி தகரத்தைத் தொட்ட அடையாளமே இல்லை.

சாந்திதான் முதலில் துணியை விலக்கினாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் செஞ்சீங்களா மேடம்?"

"அன்னிக்கு நான் செய்யலைன்னு சொன்னேனே. உங்கம்மா வாட்ச் பார்க்கலை. விரல் முட்டியால தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. நான் வாட்சைப் பார்த்து இருபது நிமிஷம்னு எழுதி வெச்சுக்கிட்டேன். அது மழைக்காலம், காய நேரமாச்சு. இந்த வைகாசி வெயில்ல அஞ்சு நிமிஷம்கூட அதிகம். எனக்கு அது தெரியாது. இப்பதான் தெரியுது."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவள் கண் முன்னாலேயே நிரூபித்தாயிற்று. இந்த வெட்கக்கேடு ஒன்றுதான் என் பேச்சை நம்பவைத்தது. அவள் டிராயிங்கை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். மூலையில் என் பெயர் இருந்தது. வேறு பெயர் எதுவும் இல்லை. திருப்பியும் பார்த்தாள். பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அம்மா பெல்ட்டு ஜாயிண்டு வேலை கேட்டுச்சே. அந்த சூப்பர்வைசரு இங்க வந்து பாத்தாருல்ல?"

"ஆமாம்."

"பாத்துட்டு, யாரு செஞ்சதுன்னு கேட்டாரா?"

"கேட்டார்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"நான்தான்னு சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கத்தவில்லை, அழவில்லை. "அதுக்கப்புறம் பதினோரு வருசம் அம்மா கரி அள்ளுச்சு. கடைசில முட்டி ரெண்டும் மடங்காது. நாந்தான் தூக்கி உக்கார வெப்பேன்" என்றாள். வண்டியிலிருந்து இறங்கினாள். தலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். அப்பா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து நின்றார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. போய்ட்டு வரேன் என்று சொல்லாமல் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

"என்னம்மா, அந்தப் பிள்ளை சொல்லாமக் கொள்ளாமப் போகுது?" என்றார் அப்பா. அவரிடமும் சொன்னேன். அவரும் இத்தனை வருஷம் அதை நான் ஒட்டியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்த நாலு விஷயத்தில் அது ஒன்று. காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அக்கா, உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான். நீங்கள் கோபப்படவே இல்லை. எடுத்துச் சொல்லத் தகுந்தவளாகக்கூட என்னை நினைக்கவில்லையா, இல்லை, கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று பயந்தீர்களா, இல்லை, பத்து நாள் தங்கச்சி என்று கூப்பிட்ட பாவத்துக்காக என் மானத்தைக் காப்பாற்றினீர்களா? பதில் வராது என்று தெரிந்தே கேட்கிறேன். நான் சுமப்பது அந்தக் கூரையை அல்ல, அது சாம்பலாகிவிட்டது. உருளையைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நல்ல புடவையில் காத்திருந்த உங்கள் முகத்தைத்தான் சுமக்கிறேன்.

தெவசம் அடுத்த புதன்கிழமை. சாந்தி அழைத்துவிட்டுப் போனாளா, அழைக்காமல் போனாளா என்று எனக்கே தெரியவில்லை. நான் வருவேன். நீங்கள் கேட்காத கேள்வியை உங்கள் மகள் தெரு நடுவில், உங்களோடு கரி அள்ளிய பெண்கள் எல்லாரும் இருக்கும்போது கேட்பாள் என்று நினைக்கிறேன். கேட்காவிட்டால் நானே சொல்வேன். பெரிய மனசு என்று இந்தத் தடவை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.